வீட்டுக்குள் வந்த பாடு முறை

வீட்டில் இனி டிவிக்காகச் சண்டை வரக்கூடாது என்று ஒரு முடிவெடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் எடுத்த முதல் முடிவு அதுதான்.

டிவியில் மாட்டி ஆடும் கால்பந்து கேம் ஒன்று என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. நான் ஜாய்ஸ்டிக்கை எடுத்தால் என் மனைவி பானுப்ரியா ரிமோட்டை எடுப்பாள். அவள் ரிமோட்டை எடுத்தால் நான் வாசலுக்குப் போய்விடுவேன்.

எங்கள் ஏரியில் மட்டும் சண்டை இல்லையே, ஏன்? அங்கே பாடு முறை இருக்கிறது. இன்றைக்கு ஒரு கூட்டம் வலை போட்டால் நாளைக்கு அடுத்த கூட்டம். முறை தவறினால் வலையைப் பிடுங்கிக்கொள்வார்கள், தண்டமும் உண்டு.

"பானு, நாமளும் பாடு வெச்சிக்கலாமா? ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் உனக்கு."

"சரிய்யா."

உடனே ஒத்துக்கொண்டாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

என் திட்டம் வேறு. அதே கேம் செல்போனிலும் வந்திருக்கிறது, கம்ப்யூட்டரிலும் வந்திருக்கிறது. எதில் ஆடினாலும் என் பெயரில் ஒரே கணக்கு, வெற்றியெல்லாம் அதில்தான் ஏறும். எதில் ஆடுகிறவனோடும் மோதலாம். என் நாளில் டிவி. அவள் நாளில் படகுக்குப் பின்னால் போன். ஆக, எல்லா நாளும் என் நாள்! என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வேறு யாரும் அந்த வேலையைச் செய்வதில்லை.

போனில் பெரும்பாலும் தோற்றேன். அப்படியும் என் கணக்கில் வெற்றிகள் ஏறிக்கொண்டே போயின. தோற்றாலும் திறமையைக் கவனிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தைரியத்தில் பக்கத்துக் குப்பமான பசியாவரத்தில் இருக்கும் மச்சினன் முரளியிடம் பந்தயம் கட்டினேன். அவன் கம்ப்யூட்டரில் ஆடுபவன். ஞாயிற்றுக்கிழமை மோதல். தோற்றவன் மறுநாள் ஜெயித்தவனின் இறால் கூடையை ஊர் பார்க்கச் சுமக்க வேண்டும். குப்பம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன்.

ஞாயிறு என் நாள். டிவி முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். பானு வந்து ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டாள்.

"இன்னா பானு? இன்னிக்கு என் பாடு."

"உன் பாடு போச்சு. நேத்து என் நாள்ல நீ வலை போட்ட."

"எங்க போட்டேன்?"

"படகு பின்னால. போன்ல."

"அது போனு! நாம பேசினது டிவிக்கு."

"யோவ், ஏரில பாடு இன்னாத்துக்கு? தண்ணிக்கா, படகுக்கா?"

பாடு முறையிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"தண்ணிக்குத்தான்."

"அப்ப கேமுதான் தண்ணி. டிவி, போனு, கம்ப்யூட்டரு எல்லாம் படகு. படகை மாத்தினா முறை மாறிடுமா? போனைக் குடு."

"அது எதுக்கு?"

"முறை தப்பினவன் வலையப் பிடுங்கறதில்ல?"

கொடுத்துவிட்டேன்.

"ஐயோ பானு, முரளி காத்துகினு கீறான். நான் ஆடலன்னா தோத்தவன் நான். ஊரே சிரிக்கும்!" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஆடலன்னு யாரு சொன்னது?"

உட்கார்ந்தாள். என் பெயரிலேயே ஆட்டத்தைத் தொடங்கினாள். அவள் விரல் போன வேகத்தைப் பார்த்து வாயைப் பிளந்தேன்.

"எப்ப கத்துகின?"

"என் நாள்ல நான் சீரியலா பாத்துகினு இருந்தேன்னு நெனச்ச?"

என் கணக்கில் ஏறிய வெற்றிகள் யாருடையவை என்று அப்போதுதான் புரிந்தது. நான்குக்கு ஒன்று கணக்கில் முரளி தோற்றான். போகட்டும், என் மானம் தப்பியது! எழுந்து குதித்தேன்.

அவள் கையிலிருந்த என் போன் அடித்தது. அவளே எடுத்தாள்.

"அக்கா, மாமா ஜெயிச்சிட்டாரு. காலையில கூடை தூக்க வர்றேன்," என்றான் முரளி, பாவமாக.

"நீ வராதடா. முறை தப்பினதுக்கு உன் மாமாவுக்குத் தண்டம் போட்டுகீறேன். அவரே அங்க வருவாரு."

மறுநாள் காலை பசியாவரம் கரையில், ஊர் பார்க்க, ஜெயித்த நான் தோற்றவனின் கூடையைச் சுமந்தேன்.