கூசுற பல்லோட சம்மதம் சொல்லப் போனேன்

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. இண்டூர்ல இருந்து பாப்பாரப்பட்டிக்குப் போயி, பொண்ணு வூட்டுல "எங்களுக்குப் புடிச்சிருக்குங்க"ன்னு சொல்லிட்டுத் திரும்பி வரணும். அவ்வளவுதான்.

பொண்ணு எனக்கில்லீங்க. எனக்கு ஏற்கெனவே ஆயிடிச்சி. என் தம்பி முனிரத்தினத்துக்கு.

எங்கப்பா இல்லாததால வூட்டுல பெரிய மனுசன் நான்தான். முந்தின வாரம் எல்லாருமா போயிப் பொண்ணு பாத்தோம். "கலந்து பேசிட்டுத் தகவல் சொல்றோம்"னு மீசையைத் தடவிக்கிட்டே சொல்லிட்டு வந்ததும் நான்தான். தம்பி வர்ற வழியிலேயே, "கலந்து பேச என்னண்ணா இருக்குது? சரின்னு சொல்லிடுண்ணா"ன்னு உசுர வாங்கிட்டான்.

இதுக்கு நடுவுல வந்து சேந்தது என் கடைவாய்ப் பல்லு.

மளிகைக் கடைக்குச் சரக்கு எடுக்க சேலம் போனப்ப, அங்க ஒரு பல்லு டாக்டர் சொத்தையைப் புடுங்காமலே சரி பண்றாருன்னு கேள்விப்பட்டேன். சும்மா இருக்கலாமில்ல? போயி உக்காந்தேன். டாக்டர் தையல் மிசின் மாதிரி ஒண்ணைக் காலால மிதிச்சிக்கிட்டே என் பல்லைக் குடைஞ்சாரு. குடைஞ்ச குழியில வெள்ளியைக் கலந்து எதையோ வெச்சி அடைச்சாரு.

"கொஞ்ச நாளைக்குக் கூசும். சூடு, ஜில்லு, இனிப்பு மூணும் ஆவாது. போகப் போகச் சரியாயிடும்"னாரு.

வூட்டுக்கு வந்து பெருமையா வாயைத் தொறந்து காட்டினேன். என் சம்சாரம் உத்துப் பாத்தா.

"கொலுசுக்கு வெள்ளி கேட்டு நான் எத்தனை நாளா கெஞ்சறேன்! உங்க வாய்க்கு மட்டும் வாங்கியாச்சா?"

வாயை மூடிட்டேன்.

டாக்டர் சொன்ன 'கொஞ்ச நாளு' எப்ப முடியும்னு அவர் சொல்லல. கூச்சம் போற வழியாவும் தெரியல. "வேற யாரையாவது அனுப்பலாமா?"ன்னு கேட்டேன். தம்பி அழுதுடுவான் போல இருந்தான். சரின்னு சைக்கிளை எடுத்தேன்.

கார்த்திகை மாசக் காலையில சைக்கிள் ஓட்டிப் பாத்திருக்கீங்களா? மேடு ஏறும்போது மூச்சு வாங்கும், வாய் தானாத் தொறக்கும். தொறந்ததும் குளிர் காத்து வேற எங்கியும் போவல. நேரா அந்தப் பல்லுக்குத்தான் போச்சி!

"ஸ்ஸ்ஸ்!"

கண்ணுல தண்ணி. எதிர்ல வந்த மாட்டுவண்டிக்காரரு, "என்னாங்க, பாம்பு கீம்பா?"ன்னு வண்டியை நிறுத்திட்டாரு.

அப்பத்தான் எனக்கொரு யோசனை வந்துச்சி. தோள்ல இருந்த வெள்ளைத் துண்டை எடுத்தேன். தாடைக்கு அடியில குடுத்து, ரெண்டு காதையும் மூடி, உச்சந்தலையில இறுக்கி ஒரு முடிச்சி. அடடா, என்னா சுகம்! காத்து ஒரு பொட்டு நுழையல. அதே கோலத்துல போயி பொண்ணு வூட்டு வாசல்ல எறங்கினேன்.

வாசல்ல கோலம் போட்டுக்கிட்டிருந்தது பொண்ணோட அத்தை. நிமிந்து பாத்துச்சி. கையில இருந்த கோலமாவுக் கிண்ணம் கீழ விழுந்துச்சி.

"அடக் கடவுளே! பொணத்துக்குக் கட்டுற மாதிரி வாய்க்கட்டுக் கட்டிக்கிட்டு வந்திருக்காரே! நல்ல காரியம் பேச வர்ற கோலமா இது?"

அவசர அவசரமாத் துண்டை அவுத்தேன். முடிச்சி இறுகிப் போயி, காதுல பாதி பிச்சிக்கிட்டுதான் வந்துச்சி.

பொண்ணோட அப்பா சின்னசாமி மாமா நல்ல மனுசன். "வாங்க, வாங்க"ன்னு கயித்துக் கட்டில்ல உக்கார வெச்சாரு. சொம்புல தண்ணி குடுத்தாரு. ராத்திரியெல்லாம் பானையில குளுந்த தண்ணி. வந்த எடத்துல தண்ணி வேண்டாம்னு சொல்ல முடியுமா? ஒரு மடக்கு குடிச்சேன்.

"ஸ்ஸ்ஸ்ஸ்!"

"ஏனுங்க, தண்ணி நல்லா இல்லீங்களா?"

"ரொம்ப நல்லா இருக்குதுங்க மாமா"ன்னேன். கண்ணீரு தாடை வரைக்கும் எறங்கிடிச்சி.

மாமா சொம்பை வாங்கி மோந்து பாத்தாரு.

அடுத்தது காப்பி. உலகச் சண்டை நடந்த காலம், சக்கரை கெடைக்காது. வெல்லம் போட்ட காப்பியைக் கொதிக்கக் கொதிக்கப் பொண்ணு ராஜாமணியே கொண்டாந்து குடுத்துச்சி. ஜில்லு முடிஞ்சி சூடும் இனிப்பும் சேந்து வருது! நல்ல பக்கமா ஒதுக்கிக் குடிச்சிடலாம்னு தலையைச் சாய்ச்சேன். காப்பிக்கு எந்தப் பக்கம் நல்ல பக்கம்னு தெரியல. நேரா அங்கியே போச்சி.

என் மூஞ்சி எப்படிப் போச்சின்னு எனக்குத் தெரியாது. ஆனா அது போன நேரத்துல, "காப்பி நல்லா இருக்குதுங்களா?"ன்னு கேக்க ராஜாமணி என் எதிர்ல நின்னு என்னையே பாத்துக்கிட்டிருந்துச்சி.

வெடுக்குன்னு உள்ள போயிடிச்சி.

"பாத்தியாண்ணா, பொண்ணைப் பாத்து மூஞ்சி சுளிக்கிறாரு!"ன்னு அத்தை ஆரம்பிச்சிது.

மாமா தொண்டையைச் செருமினாரு. "சரிங்க. என்னா முடிவு பண்ணியிருக்கீங்க? நேராவே சொல்லிடுங்க."

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்? வாயைத் தொறந்தேன்.

"புடி... ஸ்ஸ்ஸ்!"

தாடையைப் புடிச்சிக்கிட்டுக் குனிஞ்சிட்டேன்.

"புடிக்கலைங்கறாரு. வாயால சொல்ல மனசு வராம அழுவறாரு பாவம்"னு அத்தை மொழிபெயர்த்துச்சி.

மாமா எழுந்துட்டாரு. மொகம் செவந்து போச்சி. "புடிக்கலைன்னா ஆள் மூலமாச் சொல்லி அனுப்பியிருக்கலாமே. வூட்டுக்கே வந்து எதுக்கு இந்த அழுவாச்சி?"

தம்பி மொகம் கண்ணு முன்னால வந்து நின்னுச்சி. "மாமா, பொண்ணு இல்லீங்க! பல்லு! பல்லுக்குள்ள வெள்ளி வெச்சி அடைச்சிருக்குது! கூசுதுங்க!"

அங்க ஒருத்தரும் நம்பல. பல்லு சொத்தையானா புடுங்குவாங்க. உள்ள வெள்ளி வெக்கறவன் உலகத்துல உண்டா?

"எங்க, தொறங்க பாக்கலாம்"னாரு மாமா.

வாசல் வெளிச்சத்துல நிறுத்தி வாயைத் தொறக்க வெச்சாங்க. மாமா பாத்தாரு. அத்தை பாத்துச்சி. பக்கத்து வூட்டு அம்மா "என்னாங்க அது?"ன்னு வந்து பாத்துச்சி. எதிர்வூட்டுக்காரரு கண்ணாடியை எடுத்துக்கிட்டு வந்து பாத்தாரு. தண்ணிக்குப் போனவங்க கொடத்தை எறக்கி வெச்சிட்டு வரிசையில நின்னாங்க. வாயை மூடினா, "இருங்க, நான் இன்னும் பாக்கலை"ங்கறாங்க. கார்த்திகைக் காத்து உள்ள போயி ஊர்வலமே நடத்திட்டுது.

"ஈயமா இருக்கும்"னாரு எதிர்வூட்டுக்காரரு.

"தட்டிப் பாத்தாத் தெரிஞ்சிடப் போவுது"ன்னு அத்தை கொண்டை ஊசியை உருவிச்சி. நான் வேண்டாம்னு கையை ஆட்டறதுக்குள்ள, 'டக்'!

மின்னல் வெட்டுன மாதிரி இருந்துச்சிங்க! ஒரு துள்ளுத் துள்ளினேன். நெலைப்படியில தலை இடிச்சிது. கால் பட்டுத் தண்ணிக் கொடம் உருண்டுச்சி. தெருவே கேக்கறாப்புல கத்தினேன்.

"ஐயோ! புடிச்சிருக்குங்க! பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குங்க! என்னை வுட்டுடுங்க!"

மாமா சிரிச்சாரு பாருங்க, கட்டில்ல உக்காந்து வயித்தைப் புடிச்சிக்கிட்டு! அத்தை ஊசியைக் கொண்டையில சொருகிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி, "அதைத்தானே மொதல்ல இருந்து கேக்கறோம்"னுச்சி.

எனக்கு உசுரு திரும்பி வந்துச்சி. வந்த வேலை முடிஞ்சிதுன்னு சைக்கிளை எடுக்கப் போனேன்.

அப்ப உள்ளாற இருந்து ராஜாமணி குரல் வந்துச்சி. "அப்பா, அவுங்களுக்கு என்னைப் புடிச்சிருக்குது, சரி. அவுங்க வூட்டுல எல்லாருக்கும் பல்லு இப்படித்தானான்னு கேளுங்க."

அடுத்த வாரம் பொண்ணு வூட்டுக்காரங்க எங்க வூட்டுக்கு வந்தாங்க. தம்பி புது வேட்டி கட்டி, தலையைப் படிய வாரி வந்து நின்னான். அத்தை அவனை வெளிச்சத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போச்சி.

எங்க தம்பி கல்யாணத்துக்கு ஜாதகம் யாரும் பாக்கலீங்க.