மடி மேடம்

யமனுக்கு அஞ்சாத அடியார்கள் உண்டு. மடி மேடத்துக்கு அஞ்சாத சொந்தக்காரர் ஜொகூர் பாருவில் ஒருவரும் இல்லை.

மருத்துவமனையின் சமூக நல அதிகாரி அவர். துணையற்ற முதியவர்களை இல்லத்துக்கு அனுப்புவதே சுலபம், உறவுகளைக் கூப்பிட்டால் சண்டைதான் மிஞ்சும் என்பது அவருடைய சக அதிகாரிகளின் கொள்கை. இவருக்கோ உறவென்றால் சம்பளம் கேட்காத தாதி. "யாரு மடியில உங்களுக்குக் காது குத்துனாங்க?" என்பதே அவர் எவரிடமும் கேட்கும் முதற்கேள்வி, பெயரும் அப்படித்தான் வந்தது. கல்யாண மண்டபத்தில் அவர் தலை தெரிந்தால், பாயசத்துக்குக் காத்திருப்பவர்கூட இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார்.

குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, நான் அவர் கையில் சிக்கினேன். மணம் புரியாதவன், தனியே வீடு திரும்ப அனுமதியில்லை. முதியோர் இல்லத்தில் கட்டிலொன்று காலியாக இருந்தது. பூசை மாடத்தோடும் பாடல்களோடும் வாழ்ந்த வீட்டைப் பிரிய விருப்பமில்லை. ஆயினும் தங்கையின் பிள்ளைகளுக்குத் தொந்தரவு தர மனமில்லை. இறைவனே துணை என்றேன்.

"சாமி தொணைதான்லா, ஐயா. டாய்லெட்டுக்கு யாரு தூக்கிட்டுப் போவாங்க?"

நான் மனனம் செய்திருந்த அத்தனை பதிகங்களிலும் அதற்கு விடை இல்லை.

மறுவாரம் தங்கையின் பிள்ளைகள் என் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். எல்லாருக்கும் என் மடியில்தான் காது குத்தியது. சாஆ என்ற ஊரிலிருந்து வந்த மூத்தவள் செல்வி, வார இறுதிகளைத் தானே ஏற்றாள். கெலாங் பாத்தாவில் இருக்கும் இளையவன் குமரன்தான் நழுவப் பார்த்தான்.

"காலையில சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகணும், மேடம்."

"ராத்திரி எங்க படுக்குறீங்க?"

"வீட்லதான்."

"இனிமே மாமா வீட்ல படுங்க. காது குத்துறப்ப அவரு மடியில ஒன்னுக்குப் போனீங்களா, இல்லையா?"

குமரன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"போனான், மேடம்," என்றாள் செல்வி. "மாமாவோட பட்டு வேட்டியே போச்சு."

நான் வீடு திரும்பிய அன்றே குமரன் தலையணையோடு வந்து சேர்ந்தான்.

சில மாதங்கள் கழித்து மடி மேடம் தம் கைக்குழந்தையுடன் வந்தார். அவருக்கு உடன்பிறந்தார் இல்லை. குழந்தைக்குத் தாய்மாமன் மடி வேண்டுமாம். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மடி கொடுத்தேன். ஊசி பட்டதும் வீரிட்ட குழந்தையிடம் அவர் குனிந்து, "அழாத கண்ணு. நாளைக்கு இவர நீதான் பாத்துக்கணும்," என்றார்.

நீண்ட ஆயுளை வேண்டுவதும் ஒரு பற்றே என்று வாழ்நாளெல்லாம் பாடி வந்தவன் நான். இப்போதெல்லாம் விளக்கேற்றும்போது, அந்தக் குழந்தையின் முறை வரும்வரையாவது இருக்கவேண்டும் என்று மெல்லக் கேட்டுக்கொள்கிறேன்.