லேசர் கண்ணீர்

கறுப்புக் கண்ணாடியோடு சாவு வீட்டுக்குள் நுழைவதா, கழற்றிவிட்டு நுழைவதா என்று தெரியாமல் பிரேம் பொழிச்சலூர்த் தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கிய இடத்திலேயே நின்றான்.

போட்டுக்கொண்டு போனால், அப்பா செத்ததற்கு சினிமா ஹீரோ மாதிரி வந்திருக்கிறான் என்பார்கள். கழற்றினால் வெயில் ஊசியாகக் குத்தும். நேற்றுக் காலைதான் இரண்டு கண்ணிலும் லேசர் ஆபரேஷன் முடிந்திருந்தது.

மைனஸ் ஒன்பது. எட்டு வயதில் மூக்கின்மேல் ஏறி உட்கார்ந்த சோடாபுட்டி முப்பத்தொரு வயதுவரை இறங்கவில்லை. கல்யாணத்துக்குப் பார்த்த மூன்று பெண்களும் தன்னைப் பார்க்காமல் கண்ணாடியைத்தான் பார்த்தார்கள் என்று அவனுக்கு ஓர் எண்ணம். இப்போதெல்லாம் கத்தி இல்லை, தையல் இல்லை. கருவிழிக்குள்ளேயே லேசரால் மெல்லிய வில்லை ஒன்றைச் செதுக்கி, ஓரத்தில் ஒரு சின்னத் துளை போட்டு உருவி எடுத்துவிடுகிறார்கள். தாம்பரம் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் அரைமணி நேரம் எல்லாவற்றையும் விளக்கினாள். பயத்தில் பிரேமின் தலை ஆடியதே தவிர, காது வேலை செய்யவில்லை. கசக்கக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, கண்ணில் நீர் வரும், பயப்பட வேண்டாம். இவ்வளவுதான் உள்ளே போயிற்று.

இன்று காலை ஆறு மணிக்கு அக்கா ஜெயப்ரியா போன் செய்தாள்.

"அப்பா போயிட்டார்டா."

அப்பா பூவராகன் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். கோவளத்து மீனவக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. மூன்று வருஷத்துக்கு முன் பிரேம் கேளம்பாக்கத்தில் ஃப்ளாட் வாங்கிய செய்தியைச் சொன்னபோது, தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்த விமானத்தைப் பார்த்தபடி, "அப்போ இந்த வீட்டை நான் ஏரோப்ளேனுக்கா கட்டினேன்?" என்று கேட்டார். பிரேம் "ஆமா" என்றான்.

அந்த "ஆமா"தான் அப்பாவிடம் அவன் பேசிய கடைசி வார்த்தை.

வரும் வழியெல்லாம் துக்கம் வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்துவிட்டான். ஒன்றுமில்லை. காலி அலமாரியைத் திறந்து பார்த்தது போலிருந்தது. சரி, அழாத பிள்ளை என்று பேர் வரட்டும். அழுகிற மாதிரி மட்டும் நடிக்கக் கூடாது. அழும் உரிமை அக்காவுக்கு மட்டும்தான். மூன்று வருஷமாக அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, பள்ளிக்கூட வேலைக்கும் போய்வந்தவள் அவள். அவளுடையதில் ஒரு சொட்டைக்கூட எடுத்துக்கொள்வதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டு, கறுப்புக் கண்ணாடியோடேயே உள்ளே நுழைந்தான்.

வாசலிலேயே பொன்னி அத்தை. அப்பாவின் அக்கா. பம்மல் மார்க்கெட்டில் நாற்பது வருஷமாக மீன் விற்ற குரல். விமானம் போகும்போது பொழிச்சலூரே பேச்சை நிறுத்திக்கொள்ளும்; அத்தை மட்டும் நிறுத்துவதில்லை.

"இன்னாடா வேஷம் இது? அப்பன் பொட்டியில படுத்துகினு கீறாரு, நீ கூலிங் கிளாஸ் மாட்டிகினு வர்றே! கழட்டுடா!"

பதிலுக்குக் காத்திராமல் அவளே பிடுங்கினாள்.

ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்குள் அப்பா தெரிந்தார். எட்டு வயதுக்குப் பிறகு, தன் சோடாபுட்டி இல்லாமல் அந்த முகத்தை பிரேம் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு நரைமுடியும் தனித்தனியாகத் தெரிந்தது. சவரம் செய்தபோது கீறிய இடம் தெரிந்தது. மேலுதட்டில் ஒரு சின்ன மச்சம். இவருக்கு அங்கே ஒரு மச்சம் உண்டா?

லேசர் வேலையைக் காட்டிவிட்டது. இரண்டு கண்ணிலிருந்தும் தாரைதாரையாகக் கொட்டியது.

"ஐயோ என் தம்பீ! உம் புள்ள வந்துட்டான் பாரு! எப்படி அழுவுறான் பாரு!" என்று அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்த நாலு பேர் எழுந்து வந்து அவன் தோளைத் தொட்டார்கள்.

"பேசாம இருந்தாலும் ரத்தம் ரத்தம்தான்" என்றார் ஒருவர்.

பிரேமுக்குக் கூசியது. சித்தப்பா அரிகிருஷ்ணனை ஓரமாக அழைத்துப் போய் உண்மையைச் சொல்லிவிட்டான்.

"சித்தப்பா, நான் அழல. நேத்துதான் கண்ணுல ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். அதான் தண்ணி வருது."

சித்தப்பா அவனை உற்றுப் பார்த்தார். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராகப் பதினெட்டு வருஷம் மைக் பிடித்தவர். எந்தச் செய்தியையும் தனக்குள் வைத்துக்கொள்ளப் பழகாதவர். நேராகப் பந்தலின் நடுவுக்குப் போனார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! நம்ம பிரேமுக்கு நேத்து கண் ஆபரேஷன்! ரெண்டு கண்ணும்! டாக்டர் அசையக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். கண்ணு போனாலும் போகட்டும், அப்பா முகத்தைப் பார்க்கணும்னு ஓடி வந்திருக்கான்!"

பிளாஸ்டிக் நாற்காலிகள் விம்மின. யாரோ ஒருவர் தன் மகனைப் பக்கத்தில் இழுத்து, பிரேமைச் சுட்டிக் காட்டினார்.

எடுக்கும் நேரத்தில் அடுத்த சிக்கல் வந்தது. மகன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்துணியோடு நிற்க வேண்டும். தண்ணீர் கண்ணில் படக் கூடாது. தூங்கும்போது போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த இரண்டு பிளாஸ்டிக் மூடிகளை பிரேம் எடுத்து, பிளாஸ்திரி போட்டுக் கண்களின்மேல் ஒட்டிக்கொண்டான். மூன்று குடம் தண்ணீர் விழுந்தது. மூடிகளுக்குள் ஆவி படிந்து எதுவும் தெரியாமல் போயிற்று. அப்பாவைச் சுற்றுவதற்குப் பதிலாக ஐஸ் பெட்டிக்காரரை ஒரு சுற்றுச் சுற்றினான்.

"அப்பனை இந்தக் கோலத்துல பாக்க முடியாம கண்ணக் கட்டிகினான்யா!" என்று அத்தை அலறினாள். மேலே விமானம் போனது. அத்தையின் குரல்தான் தெளிவாகக் கேட்டது.

இத்தனைக்கும் நடுவில் ஜெயப்ரியா டாக்டர் சான்றிதழுக்குப் போய்வந்தாள், டீ டம்ளர்களை எண்ணினாள், மாலைக்காரரிடம் பேசினாள். அவள் கண்கள் காய்ந்திருந்தன. அதையும் அத்தை பார்த்துவிட்டாள்.

"பையன் அப்டி உருகுறான். கூட இருந்த பொண்ணு கண்ணுல ஒரு சொட்டு கீதா பாரு. கல்லு."

பிரேமால் தாங்க முடியவில்லை. "அத்தை, அக்காதான் எல்லாம் பண்ணினா. நான் எட்டிக்கூடப் பாக்கல."

"பாரேன்! வுட்டுக் குடுக்குறான் பாரேன்!" என்று அத்தை அவன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

மூன்றாம் நாள் சமையலறையில் அவன் கண்ணில் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள். மருந்து ஊற்றினால் நீர் நிற்கும் என்று அவன் நம்பிக்கை. மணிக்கு ஒரு தடவை ஊற்றினான். நிற்கவில்லை.

"அடுத்த ஷோ எத்தனை மணிக்கு?" என்றாள் ஜெயப்ரியா.

"அக்கா, சத்தியமா இது லேசர்க்கா."

"தெரியும்டா. எனக்கு ஏன் வரலன்னுதான் தெரியல." அவள் கழுவும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு வருஷமா தினம் கொஞ்சம் கொஞ்சமா அழுதே தீர்த்துட்டேன் போல."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"சரி, அதை எனக்கும் ரெண்டு சொட்டு ஊத்து. அத்தை வாயாவது மூடும்."

தலையை நிமிர்த்தி நின்றாள். அவன் ஊற்றினான். அவள் கன்னத்தில் இரண்டு கோடுகள் வழிந்தன. பார்ப்பதற்கு அசல் அழுகை போலவே இருந்தது. அவனுக்கும் கொஞ்சம் நிம்மதி வந்தது. அப்போது பின்னால் டம்ளர் விழும் சத்தம் கேட்டது.

வாசற்படியில் அத்தை.

"அடிப்பாவி! அவனுக்குத் தானா வருது. உனுக்கு மருந்து ஊத்தி வர வெக்க வேண்டிதா கீது!"

பத்து நிமிஷத்தில் அது பம்மல்வரை போய்விட்டது. அன்று மாலை துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பிரேமிடம் விசாரித்துவிட்டு, ஜெயப்ரியாவைப் பார்க்காதது போலவே எழுந்து போனார்கள். அவள் எல்லோருக்கும் காபி கொடுத்தாள்.

பிரேம் அதற்குப் பிறகு ஜாக்கிரதையாக இருந்தான். ஜன்னல்களைச் சாத்தினான். சாம்பிராணி வேண்டாம் என்றான். பிரயோஜனமில்லை. நாலாம் நாள் அப்பாவின் மாத்திரை டப்பாவைத் திறந்தான். ஏழு கிழமைக்கு ஏழு அறைகள். வியாழன்வரை காலி, வெள்ளிக்கிழமையில் மூன்று மாத்திரைகள் அப்படியே இருந்தன. உடனே லேசர் ஆரம்பித்துவிட்டது. டியூப்லைட்டின் வெளிச்சமாக இருக்கும் என்று அதை அணைத்தான். ஆறாம் நாள் கொடியில் அவருடைய பனியன். தூசி. எட்டாம் நாள் கேபிள்காரர் வந்து, "வாத்தியார் இல்லீங்களா?" என்று கேட்டார். அன்று வெளிச்சமும் இல்லை, தூசியும் இல்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏதோ நரம்பை அறுத்துவிட்டார்கள் என்றே பிரேம் முடிவுக்கு வந்தான்.

பதினோராம் நாள் காரியம். சாப்பாட்டுக்கு முன் சித்தப்பா மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ள யாருக்குக் கிடைக்கும்? பதினோரு நாள்! கண்ணீர் நிக்கல! மகளும் இருந்தா..." என்று நிறுத்தி, "அவங்கவங்க மனசு" என்று முடித்தார்.

எல்லோரும் ஜெயப்ரியாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இலைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரிப்பதை நிறுத்தவில்லை, வேகம் மட்டும் குறைந்தது.

பிரேம் எழுந்து போய் மைக்கை வாங்கினான். இதைச் சொல்லாமல் இனி அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட முடியாது என்று தோன்றியது.

"ஒரு விஷயம் சொல்லணும். நீங்க எல்லாரும் நினைக்கிற மாதிரி நான்..."

விமானம் வந்தது. பொழிச்சலூரில் வளர்ந்த யாராக இருந்தாலும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு, அது போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். கேளம்பாக்கத்தில் மூன்று வருஷம் இருந்ததில் பிரேமுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அவன் பேசிக்கொண்டே போனான். இது அழுகையே இல்லை, கருவிழியில் வைத்த லேசர் என்றான். எனக்கு அப்பாமேல் பாசம் இருந்ததா என்றே தெரியவில்லை என்றான். கடைசியாக அவரிடம் சொன்ன வார்த்தை என்ன என்பதையும் சொன்னான். அழவேண்டியதெல்லாம் அக்கா அழுது முடித்துவிட்டாள், அதை நான் திருடிக்கொண்டிருக்கிறேன் என்றான். முகமெல்லாம் நனைந்து சட்டைக் காலர்வரை இறங்கியிருந்தது.

விமானம் மீனம்பாக்கம் பக்கம் இறங்கிற்று. பந்தலில் கேட்டது ஒரே ஒரு சொல்தான்.

"...மன்னிச்சிடுங்க."

பிறகு சமையல்காரர் உட்பட எல்லோரும் அழுதார்கள்.

"பெத்தவர்கிட்ட மன்னிப்பு கேக்குறான்யா!" என்று பொன்னி அத்தை ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டாள்.

இலை எடுக்கும்போது ஜெயப்ரியா பக்கத்தில் வந்தாள். "நல்லா பேசினேடா. ஃப்ளைட் சத்தம்தான் கொஞ்சம் தூக்கல்." பிறகு, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா. இதை முதல்ல நிறுத்தச் சொல்லுவோம்" என்றாள்.

மறுநாள் அவளுடைய ஸ்கூட்டரில் தாம்பரம் போனார்கள். பரிசோதனை அறையில் ஷீலா என்ற இளம்பெண் இருந்தாள். பிரேம் உட்காருவதற்குள் சண்டையை ஆரம்பித்துவிட்டான்.

"பன்னெண்டு நாளா கொட்டுதுங்க! வீட்ல தலை காட்ட முடியல. உங்க லேசரால எங்க அக்கா பேரே கெட்டுப்போச்சு! யாரு பதில் சொல்றது?"

ஷீலா தன் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கருவியில் முகத்தை வைக்கச் சொல்லி இரண்டு கண்ணையும் பார்த்தாள். பிறகு கீழ் இமைகளுக்குள் கண்ணுக்கொன்றாக மெல்லிய காகிதத் துண்டைச் செருகி, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிஷம் எண்ணினாள்.

காகிதங்களை எடுத்து அளவுகோலில் வைத்தாள். முனை மட்டும்தான் நனைந்திருந்தது.

"ரெண்டு கண்ணுமே ரொம்ப வறண்டிருக்கு சார். எப்பப்பல்லாம் தண்ணி வருது?"

"எப்பவும்தான்." பிரேம் யோசித்தான். "மாத்திரை டப்பாவைத் திறந்தா வருது. கொடியில பனியன் கிடந்தா வருது. கேபிள்காரர் வந்தாக்கூட வருது. அப்பா இறந்துட்டாருங்க, அதனால வீட்ல ஒரே ஜனம், தூசி. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

ஜெயப்ரியா அவனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணில் ஏதோ நிறைந்து வந்தது.

ஷீலா அந்தக் காகிதத் துண்டுகளை மெதுவாக மடித்தாள்.

"இந்த ஆபரேஷன் பண்ணினா கொஞ்ச மாசத்துக்குக் கண்ணீரே சரியா சுரக்காது சார், எங்களால வந்த தண்ணி அன்னிக்கு சாயந்திரமே நின்னிருக்கும், அதுக்கப்புறம் வந்ததெல்லாம் உங்களோடது."