அக்காவுக்கு நான் கட்டிவிட்ட காதலன்

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

பெண்கள் விடுதிச் சமையலறையில் வேலை செய்பவள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்கள் பத்திரிகை தவறாமல் வருகிறது, அதை வைத்துத் தாங்கள் நலம் என்று தெரிந்துகொண்டேன். நான் நலமில்லை. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைத் தரையில் விரித்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தோலுக்கு அடியில் ஒரு கட்டுரை. ‘அரோமான்டிக்’ என்று ஒரு வார்த்தையாம். காதல் என்ற நினைப்பே சிலருக்கு மனதில் எழாதாம், எழுந்தாலும் எப்போதாவது லேசாகவாம், அது நோயும் இல்லை, கல்நெஞ்சும் இல்லை, உடன்பிறந்தவர்களிடமும் சிநேகிதர்களிடமும் உயிரையே வைத்திருப்பார்களாம். இப்படிப்பட்டவர்கள் இன்டர்நெட்டில் ஒருவரையொருவர் கண்டுபிடித்து, உடம்பின் ஆசை வேறு, மனசின் காதல் வேறு என்று பேசிப் பேசி, இருபது இருபத்தைந்து வருடம் முன்னால் இந்த வார்த்தையைப் புழக்கத்தில் விட்டார்களாம், பிறகு பச்சையில் ஒரு கொடிகூட வைத்துக்கொண்டார்களாம். நல்லது ஐயா. ஆனால் அன்றைக்கு என் அக்காவை அடக்கம் செய்து பதினோராவது நாள். இதை ஒரு பன்னிரண்டு நாள் முன்னால் போட்டிருக்கக் கூடாதா?

அக்கா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பது வருடம் படுக்கை விரிப்பு மடித்தவள். கல்யாணம் வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டால், “எனக்கு யார் மேலயும் அப்படி ஒண்ணும் தோணலடி” என்பாள். “தோணாம எப்படிக்கா இருக்கும்? பசி மாதிரி அது, எல்லாருக்கும் வரும்” என்பேன். “எனக்குப் பசிதான் வருது, சோத்தைப் போடு” என்பாள். மறைக்கிறாள், எவனோ ஏமாற்றிவிட்டான் என்று நானே முடிவுகட்டினேன். யார்? மாதம் தவறாமல் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போகிறாளே, அது போதாதா? கண்ணாடிக்காரர்தான் என்று சித்தியின் காதில் மட்டும் போட்டேன். சித்தி காதில் போட்டால் மைக் தேவையில்லை. அதோடு விட்டேனா? அக்கா போன அன்று, அவர் கையால் ஒரு பூவாவது விழட்டும் என்று கடைக்கு ஓடி அவரை இழுத்து வந்தேன், கூடவே அவர் மனைவியும் வந்துவிட்டார். சித்தி பூங்கொத்தை அவர் கையில் திணித்து, “இப்பவாவது மனசு விட்டு அழுங்க தம்பி” என்றாள். அவர் மிரண்டுபோய், “சலவைக்கூடத்து ஆவியில இவங்க கண்ணாடி ஃப்ரேம் அடிக்கடி விட்டுப்போகும், நான் ஒட்டிக் கொடுப்பேன், அவ்வளவுதாம்மா” என்றார். “எத்தனை வருஷமா ஒட்டுறீங்க?” என்று கேட்டார் மனைவி. “இருபது வருஷமா” என்றார் அந்த அப்பாவி. அன்றிலிருந்து கடையிலேயே தூங்குகிறாராம்.

இருபது வருடமும் அக்கா சிரித்தால்கூட, பாவம், உள்ளுக்குள் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் சும்மா சிரித்திருக்கிறாள் ஐயா. அவள் சொன்னதும் உங்கள் கட்டுரையில் இருந்ததும் ஒன்றுதான், கொடி மட்டும்தான் இல்லை. தமிழில் அவள் சொன்னபோது நம்பாதவள், இங்கிலீஷில் நீங்கள் போட்டதும் நம்பினேன். ஆகவே இந்தக் கடிதத்தைப் பெரிய எழுத்தில் போடவும். என் அக்காவை யாரும் ஏமாற்றவில்லை, அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, கண்ணாடிக்காரர் ஒரு பாவமும் அறியாதவர் என்று நாலு பேருக்குத் தெரியட்டும்.

தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும், விடியுமுன் பத்திரிகை கொண்டுவந்து போடுகிறவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சலவைக்கூடத்து அக்காவின் தங்கை

பி.கு.: போட வேண்டாம் ஐயா. உறையை ஒட்டப்போகும்போது அக்காவின் பையைக் கொடுக்கச் சலவைக்கூடத்து மேற்பார்வை அம்மா வந்தார். காதல் கதை எல்லாம் நான் கட்டியது என்று அழுதேன். “போம்மா, உங்கக்காவே எங்ககிட்டச் சொல்லியிருக்கா” என்றார். ஏன் கல்யாணம் பண்ணவில்லை என்று யார் கேட்டாலும் அக்கா ஒரு பெருமூச்சு விட்டு, சித்தி வழியாகத் தன் காதுக்கே வந்துசேர்ந்த கண்ணாடிக்காரர் கதையை எடுத்துவிடுவாளாம். மழையும், பஸ் நிலையமும், கிழித்துப்போட்ட கடிதமும் வருடா வருடம் சேர்ந்துகொண்டே போனதாம். “மாப்பிள்ளை பாத்துச் சொல்ல வந்த மூணு பேர் கண்ணைத் துடைச்சுக்கிட்டே போனாங்க, அப்புறம் ஒருத்தரும் வாயைத் திறக்கல” என்றார். அவள் கதை அப்படியே இருக்கட்டும். கண்ணாடிக்காரர் மனைவியின் காலில் நானே போய் விழுகிறேன். ஊர் முழுக்க அவள் பொய்தான் சொல்லியிருக்கிறாள். உண்மையை என்னிடம் மட்டும்தான் சொன்னாள் ஐயா.