சொல்தா வடகத்தின் வலப்பக்க மெடல்

புதுச்சேரி,
12 நவம்பர் 2006

பெருமதிப்பிற்குரிய ஒகுஸ்த் மாமாவுக்கு,

அக்கா மகள் சிந்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. பிரான்சின் தூலோன் குளிரில் நீங்களும் ஏஸ்தெல் அத்தையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே மழை, கொசு, அம்மா மூன்றும் தத்தம் வேகத்தில் நலம்.

மாமா, நாம் ஜெயித்துவிட்டோம். இனி உங்கள் முகத்தை வேறு எவனும் வடகப் பொட்டலத்தில் போட முடியாது.

கோபப்படாமல் படியுங்கள். அம்மா தட்டாஞ்சாவடிக் கொட்டகையில் வடகம் போட ஆரம்பித்தபோது, ஊர் உங்களைப் போன்ற பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்களை அழைக்கும் பெயரையே வைத்து, ‘சொல்தா வடகம்’ என்று கெப்பித் தொப்பியும் மீசையுமாக உங்கள் படத்தை அச்சடித்தாள். அச்சுக்குப் பிளாக் செய்தவர் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டதால் மெடல் வலது மார்புக்குப் போய்விட்டது. விடுமுறைக்கு வந்த நீங்கள் அதைப் பார்த்து, இந்தக் கோலத்தில் ரெஜிமெண்டில் எப்படி முழிப்பேன் என்றீர்கள். வடகம் வாங்குறவங்க மெடலையா திங்கப் போறாங்க என்றாள் அம்மா. நீங்கள் சாப்பிடாமல் கிளம்பினீர்கள். அன்றிலிருந்து கிறிஸ்துமஸ் அட்டை எனக்கு மட்டும்தான் வருகிறது.

போன வருஷம் பிள்ளைச்சாவடியில் மீன் விற்கும் மணியம்மாள் ஒரு பொட்டலத்தோடு வந்து அம்மாவிடம் சண்டை பிடித்தார். “ஒன் தம்பி மூஞ்சியப் பாத்துதான் வாங்கனேன். ஆளு எளச்சிப் போயிருக்காரேன்னு பாவமா கூட இருந்துச்சி. வாயில வச்சா ஒரே மண்ணு.” வாங்கிப் பார்த்தால் ‘ஜவான் வடகம்’. அதே மஞ்சள் உறை, அதே கெப்பி, அதே மீசை. பக்கத்துக் கொட்டகை அப்பளக்காரர் புருஷோத்தமன் அதைப் பதிவு செய்யவும் மனு போட்டிருந்தார். நாமோ பதிவே செய்ததில்லை. அவர் முந்திவிட்டால் அம்மா தன் பொட்டலத்தையே விற்க முடியாமல் போகலாம்.

கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூடக் கூச்சப்படும் நான் வணிகச் சின்னச் சட்டத்தைப் படித்தேன். நாவலைவிடச் சுவாரசியம். ‘வடகம்’ என்ற சொல் யாருக்கும் சொந்தமில்லையாம், அது சரக்கின் பெயர். ‘புதுச்சேரி’யும் சொந்தமில்லையாம், அது ஊரின் பெயர். “அப்ப நமக்கு என்னாதான்டி சொந்தம்?” என்றாள் அம்மா. மாமாவின் முகம் என்றேன். அதற்குப் பெயர் தனித்தன்மை. பதிவு இல்லாவிட்டாலும் முதலில் பயன்படுத்தியவருக்கு உரிமை உண்டு, அது முன்பயன்பாடு. இரண்டு பொட்டலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. அரைகுறை ஞாபகத்தோடு கடைக்கு வருகிறவர் ஏமாறுவாரா என்பதே கேள்வி. அந்த அரைகுறை ஞாபகக்காரர் நம் மணியம்மாள் என்று வாக்குமூலம் வாங்கி, எதிர்ப்பு மனுவும் நமக்கென்று ஒரு பதிவு மனுவும் போட்டேன்.

சென்னை வணிகச் சின்னப் பதிவகத்தில் இரண்டும் ஒரே நாளில் விசாரணைக்கு வந்தன. புருஷோத்தமன் அசரவில்லை. “அது எங்க தாத்தாங்க. பட்டாளத்துக்காரன்னா எல்லாம் ஒரே மாதிரிதான் இருப்பான்.” தாத்தா மெடலை எந்தப் பக்கம் குத்துவார் என்று கேட்டேன். அவர் தன் பொட்டலத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“வலப்பக்கம்.”

“எப்பவுமா?”

“சாவுற வரைக்கும்.”

உங்கள் அசல் போட்டோவை மேசையில் வைத்தேன். மெடல் இடப்பக்கம். பிளாக் திரும்பிய கதையையும் சொன்னேன். எங்கள் அச்சகத்துத் தவற்றையும் சேர்த்து எடுத்து இவர் தாத்தாவுக்கு மாட்டியிருக்கிறார் ஐயா என்றேன். அதிகாரி சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை எடுத்தார். புருஷோத்தமன் மனு தள்ளுபடி. உங்களுக்கு அவமானமாக இருந்த அந்த மெடல்தான் நம்மைக் காப்பாற்றியது மாமா. திரும்பும்போது பஸ்ஸில் அம்மா பொட்டலத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். “என் தம்பி மீசைக்கு முன்னால அவன் தாத்தா நிப்பானாடி?” இத்தனை காலத்தில் உங்களைத் தம்பி என்று அவள் சொல்லி நான் கேட்டது அப்போதுதான்.

அத்தைக்கு என் முத்தங்கள். மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உங்கள் ஆசியை வேண்டும்,
சிந்தி

பி.கு.: ஒரு சின்ன விஷயம். நம் மனு இன்னும் பதிவாகவில்லை. படத்தில் இருப்பவர் உயிரோடு இருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும், சமீபத்தில் இறந்திருந்தால் வாரிசின் சம்மதம் வேண்டும் என்றார் அதிகாரி. நான் வாய் திறப்பதற்குள் அம்மா, “அவன் செத்துட்டான் ஐயா” என்றாள். தனக்கு வராத கிறிஸ்துமஸ் அட்டைகளை நினைத்திருப்பாள். அதிகாரி பாதி எழுந்து துக்கம் தெரிவித்தார். உத்தரவிலும் உங்களைக் காலஞ்சென்றவராகவே எழுதிவிட்டார்கள். சம்மதம் வராவிட்டால் நம் மனுவும் தள்ளுபடி. புருஷோத்தமன் இப்போதெல்லாம் உங்கள் உடம்பைப் பற்றி அக்கறையாக விசாரிக்கிறார். எனவே இரண்டு தாள்கள் இணைத்துள்ளேன்: ஒன்று நீங்கள் கையெழுத்திட, இன்னொன்று அத்தை விதவையாகக் கையெழுத்திட. எது வசதியோ அது. உயிரோடு இருப்பதுதான் உத்தேசம் என்றால் நேரில் வந்து சொல்வதே நல்லது. அம்மாவும் அதையே, கூட்டிப் பெருக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். வரும்போது மெடலை வலப்பக்கம் குத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதிகாரிக்கு உங்களை அடையாளம் தெரியாது.