குடத் தலைவரின் கள ஆய்வு

மாவட்டத்தைப் பிரிப்பதும் அண்ணன் தம்பி பாகம் பிரிப்பதும் ஒன்றுதான். பெரிய சாமான்களை எப்படியோ பங்கு போட்டுவிடலாம். சில்லறைச் சாமான்களில்தான் சிக்கல் வரும். காஞ்சிபுரத்தை இரண்டாக்கியபோது கடல் மொத்தமும் செங்கல்பட்டுப் பக்கம் போய்விட்டது. அந்தக் கடலைக் கவனிப்பதற்கென்றே இருந்த அலை நலப் பிரிவு என்கிற அலுவலகம் மட்டும் இந்தப் பக்கமே தங்கிவிட்டது. கடல் இடம் மாற யாருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை. அலுவலகம் இடம் மாற ஒரு கூட்டமே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

ஆகவே அலை நலப் பிரிவு, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் உரக்கடையின் மாடியில் வாடகைக்கு வந்து அமர்ந்தது. வங்கக் கடலின் அலைகள் அங்கிருந்து நிர்வகிக்கப்பட்டன. கடல் கண்ணில் படாததால் நிர்வாகம் எந்த இடையூறும் இல்லாமல் நடந்தது. பக்கத்தில் பார்த்துக்கொள்ளக் கொஞ்சம் தண்ணீராவது இருக்கட்டும் என்று, உத்திரமேரூர் ஏரியின் மதகுகளையும் அதே பிரிவில் சேர்த்துவிட்டார்கள்.

அந்த மாடிப்படியில் ஒரு திங்கட்கிழமை பெஞ்சமின் கையில் மனுவோடு ஏறினான். பின்னாலேயே அவன் அம்மா ஞானசுந்தரியும் ஏறினாள். அவள் கையிலும் ஒரு மனு இருந்தது.

பெஞ்சமின் திருப்புலிவனத்துப் பையன். அவன் பரம்பரையில் எல்லோரும் நிலத்தில் வேலை செய்தவர்கள், ஒருவருக்கும் நிலம் கிடையாது. கூலி தேடிக் கடலோரக் குப்பம் ஒன்றுக்குப் போனவன், அங்கே மீனவப் பிள்ளைகளோடு சேர்ந்து அலைமேல் பலகையில் நிற்கக் கற்றுக்கொண்டான். இப்போது சர்ஃபிங் சொல்லிக்கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. முதல்முறை அந்தப் பலகையைப் பஸ்ஸில் ஊருக்குக் கொண்டுவந்தபோது கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். எதிர்வீட்டுக்காரர், இஸ்திரி போடுகிற பலகையில் இவ்வளவு நீளம்கூட வருகிறதா என்று விசாரித்தார்.

குப்பத்துக்கு முன்னால் ஓர் அலை உண்டு. மணல்திட்டின்மேல் ஏறி, நிதானமாக மடிந்து, கரைவரைக்கும் ஆளை ஏந்திக்கொண்டு வரும். அதைக் குப்பத்துப் பசங்களே காத்துவந்தார்கள். ஞாயிறானால் பிளாஸ்டிக் பொறுக்கினார்கள். மணல் அள்ள வந்த லாரியின் முன்னால் படுத்தார்கள். அந்த அலைமீது அவர்களுக்கு இருந்தது கலப்படமில்லாத அன்பு.

அப்புறம்தான் அலைக்கு மவுசு வந்தது. காரின் தலைமேல் பலகையைக் கட்டிக்கொண்டு சென்னையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பலகை நனையாமல் பத்திரமாகத் திரும்பிப் போகும். அதன் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோ மட்டும் ஊரெல்லாம் போகும். அலைத் தியானம் வந்தது. அலைக் காபி வந்தது. கடலைக் கண்ணால் பார்க்காத உத்திரமேரூர் வாலிபர்கள்கூடத் தென்னைமரம் போட்ட அரை டிராயரில் டீக்கடைக்கு வந்தார்கள். இவ்வளவு பேர் வந்து அலையை ரசிக்கிறார்களே, நின்று ரசிக்க ஓர் இடம் வேண்டாமா என்று மேலிடம் கவலைப்பட்டது. அந்தக் கவலையின் விளைவுதான் அலை ரசிப்பு மேடைத் திட்டம். கடலுக்குள் பாறாங்கல்லைக் கொட்டி, மேலே கான்கிரீட் போட்டு, ஓரத்தில் எவர்சில்வர் கம்பி வைப்பார்கள். கல் விழப்போகிற இடம் சரியாக அந்த மணல்திட்டு.

"கோப்பு உங்க ஊர் ஆபீஸ்லதான் இருக்குதாம். நீயே போய்ப் பேசு" என்று குப்பத்து நண்பன் டேனியல்தான் அவனை அனுப்பிவைத்தான்.

அலுவலகத்தின் தனி அலுவலர் ஜெகந்நாதன் நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசமாட்டார். யாருக்கும் எதுவும் செய்ததும் கிடையாது. அவர் மனுவை முழுவதும் படித்தார்.

"மேடை கட்டினா அலை வராதுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார். கல்லு கொட்டுனா அந்தத் திட்டே போய்டும். அலை செத்துடும்."

"சரி. ஆனா மேடை இருக்குமே?"

"அலையே இல்லாத மேடையில நின்னுகினு இன்னாத்த சார் பாக்கறது?"

"தம்பி, அலையை ரசிக்க வசதி செய்து தருவது நம்ம பிரிவின் கடமை. அலை வர்றது இயற்கையோட கடமை. இன்னொருத்தர் இலாகாவில் நாம் தலையிட முடியாது."

பெஞ்சமின் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஞானசுந்தரி முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, ஏரி மதகுல ஷட்டரு ஒடஞ்சி கெடக்குது. தண்ணி பூரா வீணா ஓடிக்கினு கீது. ஏரி வத்திப்புட்டா நடவு இல்ல. நடவு இல்லன்னா எங்க தெரு பொம்பளைங்களுக்கு வேல இல்ல. எத்தினி வாட்டி வர்றது?"

"இரண்டும் நீர் சார்ந்த இனம்தான்" என்றார் ஜெகந்நாதன் திருப்தியோடு. "அலை வாரியம் கூடித்தான் முடிவெடுக்கணும். வாரியம் இன்னும் அமையலை."

வாரியத்தை எப்படி அமைப்பது என்பதில் உத்திரமேரூரில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே குடவோலையில் பெயர் போட்டு ஏரி வாரியம் அமைத்த ஊர் அது. விதிகள் கோயில் சுவரில் கல்வெட்டாகவே இருக்கின்றன. பால் சங்கத்துக்குச் செயலாளர் வேண்டுமென்றால்கூட யாராவது ஒருவர் எழுந்து கல்வெட்டைப் பற்றிப் பேசாமல் உட்காரமாட்டார். ஜெகந்நாதன் சந்தையில் ஒரு மண்குடம் வாங்கிவரச் செய்து, ஒரு நல்ல நாளில் ஊரைக் கூட்டினார். விதிகளை அவரே படித்தார்.

"முதல் விதி. கால் வேலிக்கு மேல் சொந்த நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும்."

பெஞ்சமின் எழுந்தான். "அலைமேல நிக்கறவனுக்கு நிலம் எதுக்கு சார்?"

"கல்வெட்டில் இருக்கு தம்பி. கல்லில் எழுதினதை அழிக்க ஒயிட்னர் கிடையாது."

பெஞ்சமினும், அவன் தெருக்காரர்கள் அத்தனை பேரும் பின்வரிசைக்குப் போனார்கள். முன்வரிசையில் நிலமுள்ளவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் சடையப்பன். கடலில் கல் கொட்டும் கான்ட்ராக்ட் அவருடையது. அலை வாரியத்துக்குத் தலைவராக அவர் சலவை வேட்டியோடு தயாராக வந்திருந்தார்.

"இரண்டாம் விதி. முன்பு ஏதேனும் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவருடைய உறவினரும் கூடாது."

முன்வரிசை நெளிந்தது. கோயில் திருப்பணிக் கமிட்டி, ஏரிப் பாசன சங்கம், பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர்க் கமிட்டி என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று நினைவுக்கு வந்தது. தான் இல்லாவிட்டால் மாமன், மாமன் இல்லாவிட்டால் மச்சினன். கணக்குக் காட்டிய ஓர் ஆள்கூட அந்தப் பந்தலில் அகப்படவில்லை. சடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போனில் யாரோ கூப்பிடுவதுபோல் எழுந்து போனார். மற்றவர்களுக்கும் போன் வந்தது.

ஆனாலும் குறித்த நேரம் வந்துவிட்டது. உதவியாளர் சுந்தரவல்லி குடத்துக்குள் கைவிட்டுத் துழாவினாள்.

"சார், உள்ளே ஒண்ணுமே இல்ல."

"யாருக்கு வந்திருக்குன்னு சொல்லுங்கம்மா. பதிவு பண்ணணும்."

"யாருக்கும் வரல சார். குடம்தான் இருக்கு."

ஜெகந்நாதன் கண்ணை மூடி யோசித்தார். விதிக்குப் புறம்பாக அவர் எதையும் செய்ததில்லை.

"குடத்துக்குச் சொந்த நிலம் உண்டா?"

"உடம்பு பூரா மண்ணு சார்."

"கணக்குக் காட்டாத உறவினர் யாராவது?"

"தெரிஞ்சவரை இல்ல சார்."

அலை வாரியத்தின் தலைவராகக் குடம் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த ஊர் அதுவரை பார்த்த தலைவர்களில் குடம்தான் உத்தமம். நேரத்துக்கு நாற்காலியில் இருந்தது. யார் என்ன சொன்னாலும் பொறுமையாகக் கேட்டது. குறுக்கே பேசவில்லை. சடையப்பன் முதல் ஆளாக வந்து சால்வை போர்த்தினார். முதல் ஆளாக வந்ததால் முதல் கோப்பும் அவருடையதாயிற்று. ஜெகந்நாதன் மேடைத் திட்டத்தை வாசித்துவிட்டு, "தலைவருக்கு ஆட்சேபணை உண்டா?" என்று பணிவோடு கேட்டார். தலைவர் மௌனமாக இருந்தார். ஆட்சேபணை இல்லை என்று பதிவானது.

பெஞ்சமின் வாசலில் நின்று இதைக் கேட்டான். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை தோன்றியது. இந்த ஊரில் பிறந்தவனுக்குத்தான் அப்படித் தோன்றும்.

"சார், தலைவரு அந்த எடத்த நேர்ல பாத்தாரா?"

ஜெகந்நாதன் திடுக்கிட்டார். கள ஆய்வு இல்லாமல் கல் கொட்டக் கூடாது. அது விதி.

"நல்லவேளை ஞாபகப்படுத்தினீங்க" என்றார் உண்மையான நன்றியோடு.

தலைவர் ஜீப்பின் முன்சீட்டில், பெல்ட் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் புறப்பட்டார். ஜெகந்நாதன் பின்னால் உட்கார்ந்தார். குப்பத்தில் டேனியலும் பசங்களும் வரிசையாக நின்று வணக்கம் வைத்தார்கள். சடையப்பன் முன்கூட்டியே வந்து, மாதிரிக்கு என்று நாலைந்து பாறாங்கல்லைத் தண்ணீர் ஓரத்தில் போட்டு வைத்திருந்தார்.

"தலைவர் பார்வையிட்டாச்சு. போலாமா?" என்றார் சடையப்பன்.

"கரையில நின்னா இன்னா தெரியும் சார்?" என்றான் பெஞ்சமின். "அலைய அலைமேல ஏறித்தான் பாக்கணும். நாளைக்கு ஆடிட்ல கேட்டா நீங்கதான் பதில் சொல்லிக்கினு நிக்கணும்."

ஆடிட் என்ற சொல்லுக்கு அந்த அலுவலகத்தில் பிசாசைவிட மரியாதை அதிகம். தலைவருக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டினார்கள். பெஞ்சமின் தலைவரைப் பலகையின் முன்பக்கம் உட்காரவைத்துத் துடுப்புப் போல் கையால் வலித்துக்கொண்டு உள்ளே போனான். அவன் மனதில் என்ன இருந்தது என்று கேட்டால் மறைக்கமாட்டான். போட்டு உடைப்பதுதான் இருந்தது.

அலை வந்தது. மணல்திட்டின்மேல் ஏறி, வழக்கம்போல நிதானமாக மடிந்தது. பெஞ்சமின் எழுந்து நின்றான். குடம் முன்னே, அவன் பின்னே, இருவரும் கரையைப் பார்த்து வந்த காட்சியில் ஜெகந்நாதனே ஒரு கணம் கைதட்டிவிட்டார். கரை நெருங்கியதும் பெஞ்சமின் பலகையை லேசாகச் சாய்த்தான். தலைவர் ஜாக்கெட்டிலிருந்து நழுவி, உருண்டு, சடையப்பனின் மாதிரிக் கல்லில் மோதிச் சில்லுச் சில்லானார்.

ஜெகந்நாதன் தொப்பியைக் கழற்றினார். "பணியிலிருக்கும்போதே போயிட்டாரே" என்றார். அவர் குரல் நிஜமாகவே கம்மியது.

மறுநாள் அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. ஒருவரும் ஒன்றும் செய்யாமல் அமைதி காத்தார்கள். அது அங்கே தினமும் நடப்பதுதான், அன்று நின்றுகொண்டு செய்தார்கள். புதிய தலைவர் வரும்வரை எந்தக் கோப்பிலும் மேல்நடவடிக்கை கூடாது என்று உத்தரவானது. புதிய தலைவருக்குக் குடவோலை நடத்த வேண்டும். அதற்குப் புதுக் குடம் வாங்க வேண்டும். போன குடம் தலைவராகிவிட்டதால், இனிக் குடம் வாங்குவது தலைவர் நியமனத்துக்குச் சமம் என்று ஆயிற்று. அதற்கு வாரியத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். தலைவர் இல்லை.

குப்பத்தில் அன்று மீன்குழம்பு கொதித்தது. டேனியல் பெஞ்சமினைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான். கல் லாரிகள் திரும்பிப் போயின. அலை தப்பித்தது.

ஆனால் கோப்பு உயிரோடுதானே இருக்கிறது? சடையப்பன் ஏதாவது செய்து நகர்த்திவிட்டால்? அதனால் வாராவாரம் திங்கட்கிழமை பெஞ்சமின் உத்திரமேரூருக்கு வந்து, கோப்பு நகரவில்லையே என்று பார்த்துவிட்டுப் போவான். அந்த அலுவலகத்தின் ஆயுசில் முதல்முறையாக ஓர் ஆள் அந்த மாடிக்கு, ஒன்றும் செய்துவிடாதீர்கள் என்று கெஞ்ச வருகிறான். சுந்தரவல்லிக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது.

அப்படி ஒரு திங்கட்கிழமை அவன் வந்தபோது வரிசையில் அவனுக்கு முன்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"எப்பம்மா நம்ம ஷட்டர மாட்டுவாங்க? ஏரியில சேறுதாம்மா கீது."

"உங்க மனு ரெண்டாவதா இருந்துச்சும்மா" என்றாள் சுந்தரவல்லி. "தலைவர் இருந்திருந்தா கடற்கரைக்குப் போன மறுநாளே ஆட்சேபணை இல்லைன்னு முடிஞ்சிருக்கும். என்ன பண்றது, போயிட்டாரே. அடுத்த வாரம் வாங்க."

ஞானசுந்தரி தலைகுனிந்து விலகினாள். பெஞ்சமின் அவளைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு சுந்தரவல்லியின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். கேட்கத் தேவையே இருக்கவில்லை.

"அடுத்த வாரம் வாங்க" என்று சுந்தரவல்லி அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

இருவரும் பஸ்ஸில் ஏறினார்கள். ஏரிக்கரை ஓரமாகப் பஸ் போனது. ஏரி ஓரமெல்லாம் வெடித்துக் கிடந்தது. ஞானசுந்தரி அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"உனுக்கும் அதே பதில்தானா?"

"அதேதாம்மா."

அவள் அவன் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வுடு. தனித்தனியா வந்தா மதிக்க மாட்டாங்க. இனிமே ரெண்டு பேரும் ஒண்ணா வந்து கேப்போம், நைனா. சீக்கிரமா நடக்கும்."