கேர்னலுக்கு நான் சொன்ன பதில்கள்

மெல்பேணில் இருக்கும் அன்புள்ள மருமகன் நிரோஷனுக்கு,

கொட்டாஞ்சேனையிலிருந்து மாமா றேமண்ட் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் மாமியும் சுகம். குழந்தை வந்த வீட்டில் நித்திரை இராது என்று தெரியும். உங்கள் இருவருக்கும் கொஞ்சமாவது கண்மூடக் கிடைக்கட்டும் என்று மன்றாடுகிறோம். இதைக் கையால் எழுதிப் படம் பிடித்து உங்கள் போனுக்கு மட்டும் அனுப்புகிறேன். கதைத்தால் மகள் துஷாந்தினி ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். அவளுக்கு இது தெரிய வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பேத்தியின் ஞானஸ்நானத்தை நாங்கள் கணினியை ரீவியில் கொளுவிப் பார்ப்பதாக ஏற்பாடு. மாமிக்குக் கண்ணில் புரை. போனில் குழந்தையின் முகம் அவளுக்குப் பஞ்சுப் பொதி மாதிரித்தான் தெரிகிறது. புதுக் கணினி வாங்கித் தருகிறேன் என்றீர்கள். நான்தான் பெரிய வீறாப்பாக, நீங்கள் கம்பஸ் முடித்து விட்டுப்போன லப்டொப்பே காணும், போதும் என்றேன். அதில் இருக்கிற கேர்னல் என்ற உள்மூளை மிகப் பழசு, வீடியோ கோல் ஏறாது. புதுசு அந்த மெஷினுக்கு ஒத்துவராது. ஆகவே அளவெடுத்து நாமே ஒன்றைக் கட்ட வேண்டும், அது ஒவ்வொன்றாகக் கேட்கும், இருந்தால் ஓம், இல்லாவிட்டால் இல்லை என்று அமத்திக்கொண்டு போங்கள் மாமா என்று எழுதி அனுப்பினீர்கள். உங்கள் விளக்கத்தில் ஒரு பிழையும் இல்லை.

அது கேட்கத் தொடங்கியது பாருங்கள், நிற்கவேயில்லை. ரேடியோ இருக்கிறதா, கமெரா இருக்கிறதா, சத்தம் பதிகிற சாமான் இருக்கிறதா, வயர் இல்லாமல் வெளியே தொடர்பு கொள்ள ஏதும் இருக்கிறதா. நிமிர்ந்து இருந்து, எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று மரியாதையாக அமத்திக்கொண்டே போனேன். பிறகு அது பகல் முழுக்க இரைந்து, அடுப்பு மாதிரிச் சுட்டு, நடுவில் கரண்ட் போய், மறுபடி தொடங்கி, ஒருவழியாகக் கட்டி முடித்தது. எழுப்பினால் பட்டென்று எழும்பியது. மாமியைக் கூப்பிட்டுப் பெருமையடித்தேன். பார்த்தால் கமெரா இல்லை, சத்தம் இல்லை, இன்டர்நெட் இல்லை. நான் சொன்னதை அது அப்படியே நம்பியிருக்கிறது.

அது கேட்டதற்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று மாமி விசாரித்தாள். சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு கதிரையில் இருந்துவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, வாசல்ல டோர்ச் அடிச்சுக் கேட்டவங்களுக்குச் சொன்னமாதிரியே இதுக்கும் சொல்லிப்போட்டீங்களே."

சண்டைக் காலம் அது, நீங்கள் அப்போது சின்னப்பிள்ளை, மருமகன். வீடு சோதிக்க வருகிற ஆமிக்காரர் இதே கேள்விகளைத்தான் சிங்களத்தில் கேட்பார்கள். துஷாந்தினி என் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "நே சேர், நே சேர்", இல்லை ஐயா, இல்லை ஐயா என்பேன். பாட்டுக் கேட்கிற ரேடியோ அலுமாரிக்குள் இருக்கும், அதற்கும் நே சேர். அந்த வாய் இன்னும் மாறவில்லை. வெட்கமாக இருக்கிறது, அழுகையும் வருகிறது.

ஆகவே எங்களுக்காக ஒன்றையும் பிற்போட வேண்டாம். ஞானஸ்நானத்தை நேரத்துக்கு நடத்துங்கள். பிறகு படங்களை அனுப்பினால், பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று நான் மாமிக்குச் சொல்லிச் சொல்லிக் காட்டுவேன். மூன்று பேரையும் மாதா தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா றேமண்ட், மாமி பிறிஜெற்

பி.கு.: மேலே எழுதியதை விட்டுத்தள்ளுங்கள். இதை அனுப்ப விடாமல் மாமி பிடுங்கி வைத்துவிட்டாள். பழைய கேர்னலில் எழுப்பச் சொல்லி, பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு, அந்தக் கேள்விகளை நான் திரும்ப வாசிக்க வாசிக்க, "ஓம் எண்டு போடுங்கோ. எங்கட வீடு, எங்கட சாமான்" என்றாள். எங்களிடம் இல்லாததற்கும் ஓம், என்னவென்று விளங்காததற்கும் ஓம். கேர்னல் வீங்கிப்போய்விட்டது, மெஷின் எழும்புவதற்குள் ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்து முடிக்கலாம். ஆனால் கமெராவும் சத்தமும் இன்டர்நெட்டும் வந்துவிட்டன. தயவுசெய்து பாதரிடம் சொல்லிக் கொஞ்சம் பிந்தியே தொடங்கச் சொல்லுங்கள். மாமி கூறைச்சேலை உடுத்துக்கொண்டு ரீவிக்கு முன்னால் வந்து இருந்துவிட்டாள். இன்று வியாழன்தான்.